பல நாள் அல்ட்ரா டிரெயில் ஓட்டம்: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

சிவாலய ஓட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோயில்கள், ஏறத்தாழ 110 கி.மீ., கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. அதனால் நூறு கி.மீ. என்று சொன்னால் இங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஆனால் பல நாள் அல்ட்ரா ஓட்டம், அதாவது மாரத்தானைத் தாண்டிய தூரத்தை மலை, மணல், காட்டுப் பாதை வழியாக நாள் கணக்கில் ஓடுவது, கேட்கும் கேள்வி வேறு. ஓடி முடித்த மறுநாள் விடியற்காலை எழுந்து, வீங்கிய காலைத் திரும்பவும் ஷூவுக்குள் நுழைத்து, இன்னொரு 40 கி.மீ. போக முடியுமா? அதற்கு மறுநாளும்? எந்தப் போட்டி, என்ன பயிற்சி, எந்த ஷூ, எவ்வளவு சாப்பாடு என்று எதை முடிவு செய்தாலும், 'இது மறுநாள் காலைக்கு உதவுமா' என்று கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். பாதியில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் மூச்சு வாங்கி நிற்பதில்லை. கொப்புளம், வயிறு, தூக்கம் என்று முந்தின நாள் கவனிக்காமல் விட்ட ஒன்றுதான் நிறுத்துகிறது.

எந்தப் போட்டி?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பல நாள் ஓட்டம் இரண்டு வகை. ஸ்டேஜ் ரேஸில் ஒவ்வொரு நாளும் ஒரு தூரம். மாலையில் முகாம், இரவில் தூக்கம், காலையில் எல்லோரும் சேர்ந்து கிளம்புவார்கள். மொராக்கோவில் 1986 முதல் நடக்கும் மாரத்தான் தே சாப்லே இந்த வகை: சஹாராவில் சுமார் 250 கி.மீ. கோபி, அடகாமா, நமீப் பாலைவன ஓட்டங்களும் இதே அளவுதான்: ஏழு நாள், 250 கி.மீ., நடுவில் 80 கி.மீ.யை ஒட்டிய ஒரு நெடும் நாள். இரண்டாவது வகையில் கடிகாரம் நிற்கவே நிற்காது. இத்தாலியின் தோர் தே ஜேயான் 330 கி.மீ., 24,000 மீட்டர் ஏற்றம், 150 மணி நேரம். எங்கே எவ்வளவு தூங்குவது என்பது உங்கள் கணக்கு. முதல் முறை போகிறவர்கள் ஸ்டேஜ் ரேஸையே எடுங்கள். தூக்கமின்மையைச் சமாளிப்பது தனிப் பாடம். அதை முதல் வருடமே சேர்த்துப் படிக்க வேண்டாம்.

அடுத்து, சாப்பாட்டை யார் சுமப்பது? மாரத்தான் தே சாப்லே போன்றவற்றில் முழு வாரத்துக்கான உணவு, தூங்கும் பை, மருந்து எல்லாம் உங்கள் முதுகில். அமைப்பாளர்கள் கொடுப்பது தண்ணீரும் கூடாரமும். டார்ஜிலிங் பக்கம் நடக்கும் ஹிமாலயன் 100 மைல் ஸ்டேஜ் ரேஸில் ஐந்து நாளில் 160 கி.மீ.; தங்குமிடமும் உணவும் அவர்கள் பொறுப்பு. இது முதுகுக்கு லேசு, நுரையீரலுக்குக் கடினம். முதல் நாளே 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவில் போய்ப் படுக்க வேண்டும். கடல் மட்டத்தில் வாழும் குமரிக்காரருக்கு அந்த உயரம் லேசான விஷயமில்லை. குறைந்தது நாலைந்து நாள் முன்னதாகவே போய் 2,000 மீட்டரை ஒட்டிய ஊரில் தங்கி, மேலே கொஞ்சம் நடந்துவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மலை மருத்துவத்தின் பொது விதி. இந்தப் போட்டி அந்த விதியை மீறித்தான் உங்களை மேலே அனுப்புகிறது. லீவு கிடைக்காதவர்கள் வெயில் போட்டியைத் தேர்ந்தெடுப்பதே புத்தி. வெயில் நமக்குப் பழகிய எதிரி.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டிரெயில் ஓட்டத்தில் எல்லோரும் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு: கி.மீ. தூரத்தோடு, மொத்த ஏற்றத்தின் மீட்டரை 100-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 40 கி.மீ., 500 மீட்டர் ஏற்றம் என்றால் 45. அதே 40 கி.மீ.யில் 2,200 மீட்டர் ஏற்றம் என்றால் 62; அது வேறு போட்டி. ஒவ்வொரு நாளுக்கும் இந்த எண்ணை எழுதி, பக்கத்தில் கட்-ஆஃப் நேரத்தையும், அதாவது அந்த நாளை முடிக்கக் கொடுக்கும் கெடுவையும், எழுதுங்கள். 80 கி.மீ. நாளுக்கு 20 மணி நேரம் கொடுத்தால் சராசரி மணிக்கு 4 கி.மீ. கேட்க நடை போலத்தான் இருக்கும். மணல், இருட்டு, கால் கட்டுப் போட நின்ற 20 நிமிடம் எல்லாம் அதற்குள்தான் வரவேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் படிக்க வேண்டியது விதிப்புத்தகம்: கட்டாயப் பொருள் பட்டியல், குறைந்தபட்ச கலோரி, மருத்துவச் சான்று, ஈசிஜி கேட்கிறார்களா, விலகினால் பணம் திரும்புமா. மலையிலிருந்து மீட்டு வரும் செலவையும் ஏற்கிற காப்பீடு தனியாக எடுக்க வேண்டியிருக்கும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இருக்காது.

மாவட்டத்துக்குள் எங்கே ஓடுவது

ஐம்பது கி.மீ. சுற்றளவுக்குள் கடல் மணல், சானல்கரை (பாசனக் கால்வாயின் கரை), ரப்பர் விளை (தோட்டம்), பாறை மலை, எதிர்காற்று எல்லாம் கிடைக்கிற மாவட்டம் வேறு இருக்கிறதா தெரியவில்லை. அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

வார நாட்களின் சாதாரண ஓட்டத்துக்குச் சானல்கரைதான் சரி. மண் தரை, அதிகம் ஏறி இறங்காது, இரு பக்கமும் தென்னை நிழல். மழை பெய்த மறுநாள் களிமண் வழுக்கும். கணுக்கால் பிசகுவது அப்போதுதான். மழைக்காலத்தில் பாம்பும் கரைமேல் ஏறிக் கிடக்கும். இருட்டில் விளக்கில்லாமல் ஓட வேண்டாம்.

ஏற்ற இறக்கத்துக்குப் பொற்றையடியை ஒட்டிய மருந்துவாழ்மலை. படியும் பாறையுமாக ஏறும் பாதை. மேலே தண்ணீரை நம்ப வேண்டாம், குரங்கு தொந்தரவு உண்டு, உணவைப் பைக்குள் வையுங்கள். ஏறும்போது ஓடாதீர்கள், கையைத் தொடையில் ஊன்றி, குறுகிய அடியில், பேச முடிகிற அளவு மூச்சோடு வேகமாக நடந்து பழகுங்கள். பல நாள் போட்டியில் ஏற்றங்களை முன்னணி வீரர்களே நடந்துதான் ஏறுகிறார்கள். இந்த மலை கற்றுத் தருவது இறக்கத்தை. தொடை முன்தசை நீண்டுகொண்டே எடை தாங்குவதால்தான் இரண்டாம் நாள் படி இறங்க முடியாமல் வலிக்கிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கத் தொடங்கி, இரண்டு மாதத்தில் நான்கு முறைக்குக் கொண்டுபோங்கள். அந்த வலி பழகப் பழகக் குறையும். வேறு எந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது.

மணலுக்குச் சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகள். அலை நனைத்த இறுகிய மணலில் பத்து நிமிடம், மேலே உலர்ந்த மணலில் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றி. உலர்ந்த மணலில் குதிகாலை அழுத்தினால் புதையும். அடியைச் சிறிதாக்கிப் பாதத்தை முழுதாக வையுங்கள். முதல் மாதம் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குதிகால் தசைநார் பிடித்துக்கொள்ளும். கள்ளக்கடல் (திடீரென்று பொங்கிக் கரையேறும் பேரலை) எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப் பக்கமே போகாதீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரைக் கொண்டுபோன கடல் இது.

காற்றுக்கு ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, முப்பந்தல் பக்கம் காற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள்: வேகத்தை மறந்து, மூச்சின் அளவை மட்டும் வைத்து ஓடக் கற்றுக்கொள்வீர்கள். குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கத்து ரப்பர் விளைகள் அசல் டிரெயில் மாதிரியே இருக்கும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். விடியுமுன் பால்வெட்டுக்காரர்கள் தலைவிளக்கோடு வேலையில் இருப்பார்கள். அவர்கள் முகத்தில் வெளிச்சம் அடிக்காமல், மரத்தில் கட்டிய சிரட்டையைத் தட்டிவிடாமல் ஓட வேண்டும். இலை உதிரும் காலத்தில் சருகுக்கு அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. பேச்சிப்பாறைக்கு மேலே, காளிகேசம், கீரிப்பாறைப் பக்கத்துக் காடு கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. யானை நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அதைவிட முட்டாள்தனம்.

இருபத்து நான்கு வாரம்

வாரம் 40 கி.மீ. ஏற்கெனவே ஓடுகிறவர், ஒரு 50 கி.மீ. ஓட்டமாவது முடித்தவர் என்று வைத்துக்கொண்டு இந்தக் கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் இன்னும் ஆறு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் எட்டு வாரம் அடித்தளம்: வாரம் 45-லிருந்து 65 கி.மீ., ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), லஞ்ஜ் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி எழுதல்), கெண்டைக்கால் பயிற்சி. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து பதினாறாவது வரை சனி, ஞாயிறு அடுத்தடுத்து. சனிக்கிழமை 25 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 18-ல் தொடங்கி, 35-ம் 28-மாக முடியுங்கள். பயன் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை வேகமாக ஓடி ஞாயிற்றுக்கிழமை படுத்துவிட்டால் அந்த வாரம் வீண். இதே காலத்தில் பையும் முதுகுக்கு வரவேண்டும்: வாரம் ஒரு நாள் 3 கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் 9 கிலோ போட்டு ஓடினால் முழங்காலும் இடுப்பும் பழிவாங்கும்.

பதினேழு முதல் இருபத்தொன்று வரை உச்சம்: வாரம் 90 முதல் 110 கி.மீ. இதற்குள் ஒரு மூன்று நாள் ஒத்திகை கட்டாயம். அதற்குச் சிவாலய ஓட்டப் பாதையை விடச் சிறந்த வழி மாவட்டத்தில் இல்லை. சிவராத்திரி அன்று ஓடுவது நேர்ச்சை. அதன் முறைப்படி ஓடுகிறவர்கள் அப்படியே ஓடட்டும். ஒத்திகைக்கு வேறொரு வார இறுதியை எடுங்கள். முதல் நாள் திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை. இரண்டாம் நாள் பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு. மூன்றாம் நாள் திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். போட்டிக்குக் கொண்டுபோகும் அதே பை, அதே ஷூ, அதே சாப்பாடு. இரவில் வீட்டு மெத்தையில் படுக்காமல் தரையில் பாய் விரித்துத் தூங்கும் பைக்குள் படுங்கள். பெரும்பகுதி தார் ரோடு என்பதால் பாதம் கூடுதலாகச் சூடேறும். கொப்புளம் எங்கே வரும் என்பதை இந்த மூன்று நாளே காட்டிக் கொடுத்துவிடும். அந்த இடங்களைக் குறித்து வையுங்கள், போட்டியிலும் அதே இடத்தில்தான் வரும்.

கடைசி மூன்று வாரம் ஓய்வை நோக்கி: தூரத்தை முக்கால், பாதி, கால் என்று இறக்குங்கள். பாலைவனப் போட்டி என்றால் இந்தக் காலத்தில் பத்து நாள், தினம் 45 முதல் 60 நிமிடம், நண்பகல் வெயிலில் மெதுவாக ஓடுங்கள். உடம்பு சீக்கிரமாக வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைத்து விடவும் பழகும். மயிர்க்கூச்செறிதல், குளிர் போல் உணர்தல், தலை சுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று நிழலுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். தனியாக இந்தப் பயிற்சி வேண்டாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: நம்மூர் வெயிலில் வியர்வை வழிந்து சட்டை நனையும், பாலைவனத்தில் வழிவதற்கு முன்பே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் விடுகிறவர்கள் இரண்டாம் நாள் விழுகிறார்கள். இரவில் அங்கே நடுங்கும் குளிர் அடிக்கும் என்பதும் நமக்குப் பழக்கமில்லாதது. சூடான சட்டை ஒன்று எடையைப் பார்க்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கால்

ஷூ உங்கள் வழக்கமான அளவைவிட அரை முதல் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். மூன்றாம் நாள் பாதம் வீங்கும். மாலையில், ஓடிவிட்டு வந்து, போட்டியில் போடும் சாக்ஸோடு அளவு பாருங்கள். நீள விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். போட்டிக்கு முன் 80 முதல் 100 கி.மீ. ஓடிப் பழகிய ஜோடியைக் கொண்டுபோங்கள். நகத்தைப் போட்டிக்கு ஒரு வாரம் முன் நேராக வெட்டி ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள்.

மணல் போட்டிக்கு கெய்ட்டர், அதாவது மணல் புகாமல் ஷூவை மூடும் துணி உறை, வேண்டும், அது ஷூவோடு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டவும் வேண்டும். பசை மட்டும் போட்டு ஒட்டினால் வெயிலில் இளகிக் கழன்றுவிடும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஷூவைச் சுற்றி வெல்க்ரோ பட்டையைத் தைக்கச் சொல்லுங்கள். தைக்கும் முன் உள்ளே இருக்கும் இன்சோலை எடுத்துவிடுங்கள். தைத்த பிறகு உள்ளே விரலை விட்டு ஒவ்வொரு தையலையும் தடவிப் பாருங்கள். விரல் நுனியில் நெருடும் நூல்முடிச்சு 200 கி.மீ.யில் சதையைக் கிழித்துவிடும். முடிச்சின் மேல் மெல்லிய துணி டேப் ஒட்டி, சொத்தவிளையின் உலர்ந்த மணலில் ஒரு மணி நேரம் ஓடி, ஷூவைக் கழற்றித் தட்டுங்கள். மணல் உதிர்ந்தால் எந்தப் பக்கம் இடைவெளி என்று பார்த்துத் திரும்பத் தையுங்கள்.

கொப்புளம் வருவதற்கு முன் ஒரு எரிச்சல் வரும், சின்னச் சூடு போல. அப்போதே நிற்க வேண்டும். அடுத்த செக்பாயிண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று கி.மீ. போனால், இரண்டு நிமிட வேலை மூன்று நாள் வேலையாகிவிடும். ஷூவைக் கழற்றி, மணலைத் தட்டி, பாதத்தைத் துடைத்து உலர்த்தி, அந்த இடத்தில் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, நான்கு மூலையையும் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மூலைதான் முதலில் சுருண்டு கழலும். நீர் கோத்துவிட்டால் முகாமில் கையைக் கழுவி, பாதத்தைப் பொவிடோன் அயோடின் கொண்டு துடைத்து, புதிய ஊசியால் கொப்புளத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, பஞ்சால் மெதுவாக அழுத்தி நீரை வடியவிடுங்கள். மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் இயற்கையின் கட்டு. இரவு முழுக்கக் காற்றாட விட்டு, காலையில் டேப். ரத்தம் கோத்ததைக் குத்த வேண்டாம். சுற்றிலும் சிவந்து சூடாகி, சிவப்புக் கோடு மேலே ஏறினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மழைப் போட்டியில் பாதம் ஊறி வெளுத்துச் சுருங்கும்; கிளம்பும் முன் வாஸலின் கனமாகத் தடவுவதும், இரவில் உலர்ந்த சாக்ஸ் ஒன்றைத் தூக்கத்துக்கு மட்டும் ஒதுக்கி வைப்பதும் இதற்கு மருந்து.

பையும் சாப்பாடும்

சாப்பாட்டைச் சுமக்கும் போட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் 7 முதல் 8 கிலோ நல்ல எடை. மாரத்தான் தே சாப்லே விதி 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 2,000 கலோரி. 2,000 மிகக் குறைவு. 2,700 வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைச் சாமானிலேயே ஒரு நாள் கணக்கு இப்படி வரும்:

- காலை: அவல் 100 கிராம், பால் பவுடர் 30, கருப்பட்டித் தூள் 25. சுமார் 595 கலோரி.
- ஓட்டத்தில்: கடலை மிட்டாய் 100 கிராம், ஏத்தங்காய் சிப்ஸ் 60, பேரீச்சை 50. சுமார் 950.
- முகாமுக்கு வந்ததும்: சத்துமாவு 50 கிராம், பால் பவுடர் 25. சுமார் 315.
- இரவு: நூடுல்ஸ் 100 கிராம், நெய் 10, வறுத்த நிலக்கடலை 50. சுமார் 825.

மொத்தம் 600 கிராம், ஏறத்தாழ 2,700 கலோரி. ஏழு நாளைக்கு 4.2 கிலோ. ஒவ்வொரு நாளையும் தனிக் கவரில் கட்டி, மேலே நாள் எண்ணையும் எடையையும் எழுதுங்கள். முதல் நாள் கவரில் கொஞ்சம் குறைத்து, நெடும் நாள் கவரில் கூட்டுங்கள். கலோரி அச்சிட்ட லேபிளைச் சில போட்டிகளில் காட்டச் சொல்வார்கள். வெளிநாட்டுக்குப் பால் பொருள் கொண்டுபோகத் தடை உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். முந்திரிக்கொத்து பயிற்சிக்கு அருமையான சாப்பாடு. பயறும் வெல்லமும் சேர்ந்தது, கையில் ஒட்டாது. ஒரு வாரம் வெயிலில் சுமப்பதானால் தேங்காய் சேர்க்காமல் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் சிக்கு வாடை வந்துவிடும். மட்டி வாழைப்பழம் பைக்குள் நசுங்கிவிடும். அது சானல்கரை ஓட்டத்துக்கு. எதுவானாலும் இனிப்பு மட்டுமே கட்டாதீர்கள். நான்காம் நாள் இனிப்பைக் கண்டாலே குமட்டும், அப்போது உப்பும் காரமும்தான் உள்ளே இறங்கும்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சமாக. பசித்த பிறகு சாப்பிட்டால் வயிறு ஏற்காது.

தண்ணீர்க் கணக்கை வீட்டிலேயே எடுங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் ஓடும் முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 800 கிராம் குறைந்து, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் மணிக்கு 1.1 லிட்டர் வியர்வை. அதில் முக்கால் பங்கை ஈடு செய்தால் போதும். முழுதையும் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம்: வறட்சி என்று நினைத்து இன்னும் குடிக்கக் கொடுப்பார்கள், ஆபத்து அதில்தான். ஒரு லிட்டருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது எங்கேயும் கலக்கக்கூடிய அளவு. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தால் இன்னும் நல்லது. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓட்ட நாட்களில் தொடவே வேண்டாம்; வறண்ட உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சிறுநீர் பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்தில் போனால் ஓட்டம் அன்றோடு முடிந்தது, நேராக மருத்துவரிடம்.

முகாமுக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை மாறக் கூடாது: ஈரத் துணியை மாற்று, சத்துமாவைக் குடி, பாதத்தைக் கழுவிப் பார்த்துக் கட்டு, காலைப் பை மேல் தூக்கி வைத்துப் படு. மறுநாள் கவரையும் விளக்கையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகு பேச்சு. ஓடிய நேரத்தையும் எத்தனையாவது இடம் என்பதையும் விசாரித்துக்கொண்டு ஷூவோடு உட்கார்ந்திருப்பவர்தான் மறுநாள் நொண்டுகிறார்.

விமானத்தில் போகும்போது ஓடும் ஷூவைக் காலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கெய்ட்டர், கட்டாயப் பொருள்களில் ஏற்ற அனுமதி உள்ளவை, மருந்து, முதல் இரண்டு நாள் சாப்பாடு கைப்பையில். கத்தி, ஊசி, ஊன்றி நடக்கும் கம்பு எல்லாம் செக்-இன் பெட்டியில். லைட்டருக்கு விமான விதி தனி, அதைப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் தொடக்கக் கோட்டில் நிற்க இவ்வளவு போதும்.